நோய்ச்செடி பிடுங்குகிறவள்

கிழங்குப் பண்ணைகளில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பத்தொன்பது வயதில் பெரிய பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் நிறுத்தினார்கள். ஐரிஸ் என்கிற பூச்செடியின் கிழங்குகளைச் சல்லடையில் கொட்டிக் குலுக்கி, பெரியதைக் கடைக்கும் சிறியதை மறுநடவுக்கும் ஒதுக்குகிற வேலை. சேர்ந்த மறு வருஷம், சாப்பாட்டு இடைவேளையில் வயலோரமாக நடந்து வந்தவள் மேஸ்திரியிடம் போய், "ஏழாவது வரிசையில நாலு செடி சரியில்லீங்க" என்றாள். மேஸ்திரி போய்ப் பார்த்தார். எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி பச்சையாக நின்றன. "உன் வேலையைப் பாரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்து நாளில் அந்த நாலு செடியிலும் மஞ்சள் கோடு ஓடியது. அதன் பிறகு அவளைக் கொட்டகைக்குள் யாரும் பார்க்கவில்லை.

அந்த மஞ்சள் கோடுதான் ஐரிஸ் பயிருக்கு எமன். இலையின் நீளவாக்கில் சீப்பால் கீறின மாதிரி மெல்லிசாக வரும். அசுவினிப் பூச்சி அந்தச் செடியின் சாற்றைக் குடித்துவிட்டுப் பக்கத்துச் செடியில் உட்கார்ந்தால் போதும், அதற்கும் வந்துவிடும். மருந்து கிடையாது. நோய் கிழங்குக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கிழங்கும் அதன் குட்டிகளும் ஆயுசுக்கும் நோயாளிதான். ஆகவே, இலை ஒரு சாண் வளர்ந்ததிலிருந்து பூ வருகிற வரை ஒருத்தி வரிசை வரிசையாக நடக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் வெயில், தலைக்கு மேல் கறுப்புக் குடை, கையில் இரட்டைப் பல் முள்கரண்டி. கோடு தெரிந்த செடியைக் கிழங்கோடு தோண்டி மூட்டையில் போட்டு, மூட்டையை வயலுக்கு வெகுதூரம் கொண்டுபோய் எரிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தவறவிடுவதை அவள் பேசிக்கொண்டே நடந்துபோகையில் பிடுங்கிவிடுவாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவளை இரவல் கேட்டு ஆள் அனுப்பிய காலமும் உண்டு.

அவளுக்கு ஒன்பது வயது இளையவன் தம்பி. அதே பண்ணையில் கிழங்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐரிஸ் ரகங்களின் மகரந்தத்தைக் கலந்து புது ரகம் உண்டாக்கிப் பார்க்கிற பைத்தியம் பிடித்த தபால்காரர் ஒருவர், முட்டிவலி தாங்காமல் தோட்டத்தை மூடியபோது, தம்பிக்கு நாற்பது கிழங்குகளைக் கொடுத்தார். அவர் தோட்டத்தில் நாற்பத்தேழாவது வரிசையில் இருந்த ரகம். மேல் இதழ் மூன்றும் மழைக்கு முந்தின வானம் மாதிரி கருநீலம், கீழே மடிந்த இதழ் மூன்றும் வெண்கலப் பாத்திரம் துலக்கி வைத்த மாதிரி பழுப்பு. கடைகளில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. தம்பி வேலையை விட்டுவிட்டு நிலம் குத்தகைக்கு எடுத்தான். கிழங்கு வருஷத்துக்கு ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான் அதன் வேகம். நாற்பதை ஒரு வயலாக்கப் பதினோரு வருஷம் ஆனது. ரகத்துக்கு நல்ல பெயராக வைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சாப்பாட்டு மேஜையில் சண்டை நடக்கும். கடைசியில் 'நாற்பத்தேழு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அக்காவும் பெரிய பண்ணையிலிருந்து விலகித் தம்பியோடு சேர்ந்துகொண்டாள். அவள் வீட்டுக்காரர் தம்பியின் டிராக்டரை ஓட்டினார். தம்பி மனைவி கணக்கையும் தபாலையும் பார்த்தாள். எந்த வியாபாரி வந்தாலும் தம்பி முதலில் சொல்வது ஒன்றுதான். "எங்க கிழங்குல நோய் இருக்காதுங்க. அக்கா பாத்துட்டா பாத்ததுதான்."

பதினோராவது வருஷம் வயல் முழுக்க நாற்பத்தேழு. தோட்டக்கடைகள் அந்த இலையுதிர்காலத்துக்கே வலைப்பை வலைப்பையாக வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிட்டன. பைக்குள் வைக்கிற படத்தைத் தம்பி அச்சடித்தே வைத்துவிட்டான்.

அந்த வசந்தத்தில், பனி உருகி இலைகள் ஒரு சாண் ஏறிய முதல் நாள், அவள் குடையோடு வயலுக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நடவு அன்னிக்கு என்னத்தக் குடிச்சிட்டு ஓட்டினீங்க? வரிசையெல்லாம் பாம்பு போன மாதிரி நெளியுது."

அவர் சிரித்தார். "என் டிராக்டர் போன தடத்துல நீ கோடு போட்டுப் பழகலாம்."

"வந்து பாருங்க அப்ப."

அவர் வந்தார். பேச்சு வளர்க்காமல் ஒரு வரிசையின் இரண்டு முனையிலும் குச்சி அடித்து, சணல் கயிற்றை இழுத்துக் கட்டினார். "இப்ப சொல்லு. கயிறு நேரா, வரிசை நேரா?"

கயிறும் நெளிந்தது. நடுவில் யாரோ விரலால் அழுத்திப் பிடித்த மாதிரி உள்வாங்கி, பிறகு நேராகியது. அவள் ஒரு கண்ணை மூடினாள். பிறகு மற்றதை.

"நேராத்தான் இருக்கு. சும்மா உங்களச் சீண்டினேன்" என்றாள்.

மறுநாள் பல் வலி என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிக் கண் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் சின்ன வயதுப் பெண். கட்டம் போட்ட தாளைக் காட்டி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். வலது கண்ணில் புள்ளி இருந்த இடத்தில் புகை. இடது கண்ணில் கட்டங்கள் வளைந்தன. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது என்றாள் மருத்துவர். அவளுக்கு வந்திருக்கிற வகைக்குச் சிகிச்சை இல்லையாம்.

"முழுக்கப் பார்வை போயிடாதும்மா. ஓரப்பார்வை நிக்கும். நடக்கலாம், சமைக்கலாம். படிக்கிறது, முகம் அடையாளம் பாக்கிறது, அதெல்லாம் கஷ்டமாகும்."

"பச்சையில மஞ்சள் தெரியுமா?"

மருத்துவருக்குக் கேள்வி புரியவில்லை. "துணி எடுக்கும்போது யாரையாவது கூடக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் தீர்மானமாக எதையும் முடிவு செய்யவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினாள். தம்பி வீட்டு வாசலில் வலைப்பை மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. அவன் குழந்தை மாதிரி ஒரு பையை விரித்து அவள் கையில் கொடுத்து, "படத்தப் பாருக்கா, நிறம் அச்சு அசலா வந்திருக்கு" என்றான். அவள் கையில் வாங்கி, "ஜோரா இருக்குடா" என்றாள். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் போன பிறகு, சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். இடது கண் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, இந்த ஒரு பருவம் தாங்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பது வருஷமாக அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பார்வை. அது போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆகவே நடந்தாள். முன்பெல்லாம் நிமிர்ந்து நடந்தவள் இப்போது முட்டி போட்டு, ஒவ்வொரு செடியாகக் கழுத்தைச் சாய்த்து, இலையை முகத்துக்கருகில் இழுத்துப் பார்த்தாள். சில இடங்களில் கோடு இருப்பது போலிருக்கும். வெயிலின் நிழலோ என்று சந்தேகம் வரும். நல்ல செடியைப் பிடுங்கிவிடுவோமோ என்று பயந்து விட்டுவிடுவாள். ஏன் இவ்வளவு மெதுவாகப் பார்க்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "முதல் விற்பனை இல்லியா" என்றாள். அவர் அதை நம்பினார். சாயங்காலம் வீடு திரும்பும்போது நெற்றிக்குள் ஆணி அடித்த மாதிரி வலிக்கும். விளக்கைப் போடாமல் படுத்துக்கொள்வாள்.

போன வருஷம் பதினாறு மூட்டை நோய்ச்செடி எரித்தார்கள். இந்த வருஷம் பருவம் முடியும்போது மூன்று.

தம்பி அந்த மூன்று மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மூணுதானா? வேற எங்கயாவது வச்சிருக்கியா?"

"அவ்வளவுதான்டா."

அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றாத குறை. மனைவியைக் கூப்பிட்டான். மாமாவைக் கூப்பிட்டான். தொலைபேசியில் தோட்டக்கடைக்காரர்களைக் கூப்பிட்டு, "மூணே மூட்டைங்க, இவ்வளவு பெரிய வயலுக்கு!" என்றான். அவள் முள்கரண்டியைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். மண் போன பிறகும் ரொம்ப நேரம் கழுவினாள்.

மொட்டு நிறம் காட்டத் தொடங்கிய வாரம் சோதனை அலுவலர் வந்தார். கிழங்கை விற்க வேண்டுமானால் வயலைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு முந்தைய வருஷங்களில் அவர் வந்தால் பாதி வயல் நடந்துவிட்டு, "உங்க அக்கா பாத்த வயல்ல எனக்கு என்ன வேலை?" என்று கேட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார். இந்த முறை மூன்றாவது வரிசையில் நின்றார். குனிந்தார். நடக்காமல் அங்கேயே நின்றுகொண்டு பையிலிருந்து எண்ணும் கருவியை எடுத்தார். அது டிக் டிக் என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

மதியம் வரை எண்ணினார். இலைகளில் மஞ்சள் கோடு, விரியாத மொட்டைப் பிரித்தால் இதழில் கண்ணீர்த்துளி மாதிரி கறுத்த திட்டு. நூறு செடிக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. நூற்றுக்கு முப்பது இருந்தது. கொட்டகைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் தேநீரைத் தொடவில்லை.

"விக்கக் கூடாது. திருப்பி நடவும் கூடாது. மருந்தடிச்சு உழுதுடுங்க. பக்கத்துப் பண்ணைக்குப் பரவுறதுக்குள்ள." பிறகு தாழ்ந்த குரலில், "இந்த வருஷம் அக்கா வயலுக்கு வரலியா?" என்று கேட்டார்.

அலுவலரின் வண்டி போன பிறகுதான் தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் வந்து விஷயத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரும் சுவரோரமாக நின்றார்.

"வயலப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா."

"எல்லா வரிசையும்?"

"எல்லா வரிசையும் நடந்தேன்."

"நடந்தியான்னு கேக்கல. பாத்தியான்னு கேக்குறேன்." அவன் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தான். "ஏன் ஜன்னலப் பாத்துட்டுப் பேசுற? என்னப் பாத்துச் சொல்லு."

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சில வாரங்களாகவே, ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவருக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணை விலக்கினால்தான் முகம் ஓரத்தில் வந்து நிற்கும். இப்போது அவன் சொன்னபடி நேராகத் திரும்பினாள். தம்பியின் காது இருந்தது, தோள் இருந்தது, முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை. அந்தப் புகையிடம் சொன்னாள்.

"எனக்குக் கண்ணு தெரியலடா."

வீட்டுக்காரர் சுவரிலிருந்து நகர்ந்தார். "என்ன சொல்ற?"

"நடுவுல தெரியல. ரெண்டு கண்ணுலயும். டாக்டர் இதுக்கு மருந்து இல்லன்னுட்டாங்க."

"எப்பலேருந்து?" என்றான் தம்பி.

"பனி உருகினப்போ."

அவன் கோபம் இல்லாமல் பேசினான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா பெரிய பண்ணையில ரெண்டு பேரக் கேட்டு வாங்கியிருப்பேன்க்கா. கேட்டாக் குடுப்பாங்க. கண்ணு போனதுக்கு உன்ன யாரு என்ன சொல்லப்போறா? மூணு மூட்டைன்னு நான் ஊரெல்லாம் போன் போட்டேன். நீ பக்கத்துலதான் நின்ன."

"சொல்லணும்னுதான்டா இருந்தேன்."

"நின்னுட்டு இருந்த" என்று மறுபடி சொன்னான். எழுந்து போய்விட்டான்.

வீட்டுக்காரர் அன்று அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பல் வலின்னு போனியே, அன்னிக்கா?" அவள் தலையாட்டினாள். முப்பது வருஷத்தில் அவர் ஒரு நகைச்சுவையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. போன இலையுதிர்காலத்தில், எப்படிப் போகிறது பார்ப்போம் என்று பண்ணை வாசலில் பத்துப் பை நாற்பத்தேழை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அன்று முழுக்க மழை. ஒரே ஒரு ஆள் வந்தார். நூலகத்தில் வேலை பார்க்கிற அம்மா. ஒன்பது பை நடவுக்கே திரும்பியது, ஒரு பையை அவர் வாங்கினார். இருபத்தைந்து கிழங்கு. எவ்வளவு ஆழத்தில் நடுவது, தண்ணீர் தேங்கலாமா, பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று அரைமணி நேரம் கேட்டுவிட்டு, முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா நன்றாகப் பார்த்த வருஷத்துக் கிழங்குகள் அவை. அந்த இருபத்தைந்து சுத்தமாக இருந்தால், ரகம் செத்துப்போகாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

"அண்ணி, நீங்களும் வாங்க" என்று தம்பி மனைவிதான் வந்து கூப்பிட்டாள். அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரத்துக்குப் போகிற வழியெல்லாம் பின்இருக்கையில் அவள் அந்த இருபத்தைந்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் பதினாறு மூட்டை. ஒன்றையும் விடவில்லை. அது நிச்சயம். அந்த ஒன்றாவது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நூலக அம்மா கதவைத் திறந்ததும் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். "பூப் பாக்க வந்தீங்களா? சரியான நாள்ல வந்தீங்க, வாங்க வாங்க" என்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போனார். சின்னத் தோட்டம். துணி காயப்போடுகிற கம்பி, ஒரு மரப் பெஞ்சு, வேலியோரமாக ஒரு பாத்தி. அந்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இருபத்தஞ்சும் முளைச்சுதுங்க. நான் இதுவரைக்கும் எத்தனையோ ஐரிஸ் வாங்கி நட்டிருக்கேன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல. பூவ விடுங்க, இலையே எவ்வளவு அழகு! தங்கக் கம்பி வச்சுக் கோடு இழுத்த மாதிரி. பூவுல பாருங்க, கருப்புப் பொட்டு வச்ச மாதிரி அங்கங்க. என் சிநேகிதிங்க நாலு பேரு கேட்டுட்டாங்க, எங்க கிடைக்கும்னு."

தம்பி பாத்தி முன் குந்தினான். எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி ஒரு இலையைத் தொட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவள் பாத்தியின் ஓரத்தில் நின்றாள். அவளுக்குக் கருநீலமாக ஏதோ அசைவது தெரிந்தது. மற்றதெல்லாம் அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு பருவத்தில் அசுவினி இப்படி முழுப்பாத்தியையும் பிடிக்காது. கிழங்கிலேயே வந்திருக்கிறது. போன வருஷமே. அவளுக்கே தெரியாமல், நிமிர்ந்து நடந்து, பேசிக்கொண்டே பிடுங்கிய அந்த வருஷத்திலேயே அவள் கோட்டைத் தவறவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பதினாறு மூட்டைக்கு வெளியே எத்தனை நின்றதோ. அதற்கு முந்தின வருஷம்? அதற்கும் முந்தி?

"எத்தனைல கோடு இருக்கு?" என்று தம்பியைக் கேட்டாள்.

"எண்ணாதக்கா" என்றான்.

கிளம்பும்போது அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இது அழகு இல்ல, நோய். இதப் பிடுங்கி எரிச்சிடுங்க. யாருக்கும் குடுத்துடாதீங்க. உங்க மத்த செடிக்கும் வந்துடும்."

அந்த அம்மாவின் கை விறைத்தது. "நான் ஆசப்பட்டு வாங்கி, எட்டு மாசமா தண்ணி ஊத்தி வளத்திருக்கேன். வித்தவங்களே வந்து பிடுங்குன்னு சொல்றீங்க. இது என்ன நியாயம்?"

தம்பி வேறு கிழங்கு அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்று அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அவர் பிடுங்கினாரோ, சிநேகிதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாரோ, யாருக்கும் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை வயலை உழுதார்கள். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் மாமா என்று தம்பி சொல்லியும், வீட்டுக்காரர் கேட்கவில்லை. நான் நட்டதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தார். மொட்டுகள் விரியத் தொடங்கியிருந்தன. கலப்பையின் பற்களில் கிழங்குகள் நசுங்கி, பச்சை வெங்காயமும் ஈரமண்ணும் கலந்த வாடை வீடு வரை வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. சாயங்காலம் அவர் வந்து பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

தம்பி குத்தகையை விட்டுவிட்டான். அந்த ரகத்தை உண்டாக்கிய தபால்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்திருந்தார். அவர் தோட்டம் இருந்த இடத்தில் வாகன நிறுத்தம். நோயில்லாத நாற்பத்தேழு இனிமேல் எங்கும் இல்லை. கோடை முடிவதற்குள் தம்பிக்கு வேறு ஊரில், பழங்களை வைக்கிற குளிர்கிடங்கில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த அன்று தம்பி மனைவி மட்டும் வந்து சொல்லிக்கொண்டாள். "அவருக்குக் கோபமெல்லாம் இல்ல அண்ணி. அவரால பேச முடியல. அவ்வளவுதான்."

"கோபப்பட்டுட்டா தேவலம்மா" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் பெரிய பண்ணையில் டிராக்டர் ஓட்டப் போனார். அவளையும் கிழங்கு எண்ணிப் பையில் போடுகிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குக் கையே போதும். அவள் போகவில்லை. காலையில் அவர் போனதும் கொஞ்ச நேரம் வீட்டைப் பெருக்குவாள். பிறகு கட்டிலில் உட்காருவாள். சில நாள் அவர் திரும்பி வரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவுக்குத் தொலைபேசியில் பேசுவான். மழை பெய்ததா, டிராக்டர் எப்படி ஓடுகிறது, தன் பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. முதல் பனி விழுந்த ஞாயிறு, வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"டேய்" என்றாள்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சு. கண்ணு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவன் பிள்ளை பின்னால் எதையோ போட்டு உடைத்தது, யாரோ அதட்டினார்கள். "சரிக்கா, வைக்கிறேன்" என்றான்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் எடுத்துப் பேசுவார். அவள் அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள்.